தூங்கிப் பார்த்தவர்

என் கணவர் தூங்கிப் பார்க்காமல் ஒரு போர்வைகூட இந்த வீட்டைவிட்டு வெளியே போனதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டு வேலைமுறை அது, அவ்வளவுதான்.

நான் தைப்பது ஒட்டுப்போர்வை. துண்டுத் துணிகளை இணைத்து மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு முழுத் துணி. மூன்றும் நகராமல் இருக்கக் குறுக்கும் நெடுக்குமாக ஓடுதையல். இதைக் கேட்டதும், "பரவால்லியே, கந்தல் துணியை வீணாக்காம நல்ல வேலை பண்றீங்களே" என்று சொல்லும் ஆட்கள் உண்டு. அப்படிச் சொன்னவர்களுக்கு நான் இதுவரை ஒரு போர்வை தைத்ததில்லை. அவர்கள் குளிரில் நடுங்கட்டும்.

அவர் லிஃப்ட் சோதனை அதிகாரியாக இருந்தவர். ஒவ்வொரு கட்டடமாகப் போய், லிஃப்ட்டில் ஏறி, இறங்கி, கம்பிக்கயிற்றை இழுத்துப் பார்த்து, பிரேக்கைப் போட்டுப் பார்த்து, "ஓட்டலாம்" என்று கையெழுத்துப் போடுவது வேலை. மனிதர்கள் நம்பி உள்ளே போகிற எதற்குள்ளும் முதலில் ஒருவர் போய்ப் பார்த்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கல்யாணமான புதிதில் நான் தைத்த முதல் போர்வையை மடித்துக் கட்டும்போது, "இதுக்குள்ள யாராவது போய்ப் பார்த்தாங்களா?" என்று கேட்டார். கிண்டல் என்று நினைத்தேன். அவருக்குக் கிண்டல் வராது என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து ஆரம்பித்தது இது. போர்வை முடிந்ததும் முன்னறைக் கட்டிலில் விரிப்பேன். அவர் பனியனும் பைஜாமாவுமாக வந்து, லிஃப்ட்டுக்குள் நுழையும் முகத்தோடு உள்ளே நுழைவார். சோதனை என்றால் தனியாகத்தான். நான் உள்ளறையில் படுத்துக்கொள்வேன். காலையில் டீ குடித்தபடி அறிக்கை வரும்.

"வலது முழங்கால் பக்கம் ஒரு முடிச்சு இருக்கு."

"என் தையல்ல முடிச்சா? உங்க முழங்கால்ல இருக்கும்."

"பாரு."

பார்ப்பேன். இருக்கும். வாய்க்குள்ளேயே நாலு திட்டு திட்டிக்கொண்டு பிரித்துத் தைப்பேன். மறுநாள் மறுபடி தூங்குவார். எல்லாம் சரியாக இருந்தால் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அனுப்பலாம்" என்பார். அந்தச் சொல் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு விடவே வரும். வாடிக்கையாளர் என்ன சொன்னாலும் எனக்குக் கவலையில்லை. அவர்கள் புகழ்ந்தாலும் காதில் வாங்குவதில்லை.

அவர் ஓய்வு பெற்றபோது அலுவலகத்தில் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். லிஃப்ட்டெல்லாம் வேறு கைக்குப் போய்விட்டது. அவரிடம் மிச்சமிருந்தது என் போர்வைகள்தான். இதை அப்போது யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

எல்லாவற்றையும் கெடுத்தது பல் டாக்டர். கன்னம் வீங்கிப்போய் நான் அவர் கிளினிக்குக்குப் போனால், வரவேற்பறைச் சுவரில் என் போர்வை தொங்குகிறது. டாக்டர் தன் அம்மாவுக்காக வாங்கிப் போனது. நான்கு மூலையிலும் ஆணி. எனக்கு வந்த கோபத்தில் பல்வலி மறந்துவிட்டது.

"என்ன டாக்டர், சுவருக்குக் குளிருதா?" என்றேன்.

"இல்லம்மா, இவ்வளவு அழகா இருக்கறதைப் போய் மேல போட்டுக்க மனசு வரல."

"போட்டுக்கத்தான் நான் தைச்சேன். ஆணியைக் கழட்டுங்க. இல்ல, நான் கழட்டறேன்."

நாற்காலிமேல் ஏறிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள், நான் விழுந்துவிடக் கூடாதென்று. எந்த வெயிலிலும் தோளில் ஒரு சால்வையோடு திரிபவள் என்று பின்னால் தெரிந்தது. அதனால் எனக்கு அவள் சால்வைக்காரி. நூல், துணி, கயிறு, கம்பளி இவற்றில் செய்த கலைப்பொருட்களுக்கென்றே காட்சிக்கூடம் நடத்துகிறாளாம். அப்படியொன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

"சுவருக்குன்னே ஒண்ணு தைங்களேன்," என்றாள் கீழிருந்து.

"எதுக்கு?"

"பாக்கறதுக்கு."

"பாத்துட்டு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பாத்துட்டு வீட்டுக்குப் போவாங்க," என்றாள். நேர்மையான பதில். பிடித்துப்போயிற்று.

முதலில் நான் கொண்டுபோனது வழக்கமான போர்வைதான், மேலே ஒரு குச்சி செருகியிருந்தேன். சால்வைக்காரி அதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இது போர்வைங்க. போர்வைங்கறதையே மறந்துட்டு ஒண்ணு பண்ணிப் பாருங்க" என்றாள். வருகிற வழியெல்லாம் அவளைத் திட்டினேன். வீட்டுக்கு வந்து, கோபம் அடங்காமல், நல்ல போர்வை ஒன்றை எடுத்து நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை வெட்டினேன். கண்ணை மூடிக்கொண்டுதான் வெட்டினேன். இரண்டாவது ஓட்டைக்கு மூடவில்லை. அப்புறம் நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது.

எனக்கு இது பிடித்திருந்தது என்பதை ஒளிக்க என்ன இருக்கிறது? வாழ்நாள் முழுவதும் யாரோ ஒருவரின் கால் வெளியே நீட்டிக்கொள்ளக் கூடாதே என்று அளவெடுத்து அளவெடுத்துத் தைத்தவள் நான். இப்போது யார் காலைப் பற்றியும் எனக்குக் கவலையில்லை. பஞ்சை வெளியே இழுத்துத் தொங்கவிட்டேன். தையலைப் பாதியில் நிறுத்தினேன். காலையில் எழுந்ததும் ஊசியைத் தேடும் அவசரம் சின்ன வயதில்கூட எனக்கு வந்ததில்லை.

ஒன்றில் உலோக வளையங்கள் தைக்கலாம் என்று தோன்றியது. அவர்தான் தன் கருவிப் பெட்டியிலிருந்து பழைய வாஷர்கள் ஒரு டப்பா நிறையக் கொடுத்தார். அத்தனையையும் மேல்துணியில் நெருக்கமாகத் தைத்து முடித்தேன். மறுநாள் காலை டீயோடு வந்து நின்றார். இடது கன்னத்தில் வட்டம் வட்டமாக அச்சு விழுந்திருந்தது.

"உறுத்துது," என்றார்.

"எது?"

"எல்லா இடமும்."

காட்சிக்கூடத்து வேன் வாசலில் நிற்கிறது. நான் குச்சி செருகிக்கொண்டிருக்கிறேன். "ஏங்க, இது தூங்கறதுக்கா இருக்கு? சுவத்துல மாட்டறது. இதுல போய்ப் படுத்துக்கிட்டு! இனிமே இதெல்லாம் நீங்க பாக்க வேண்டாம்."

"சரி," என்றார். கன்னத்தைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவர் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் நாலு வார்த்தை பேசி முடித்திருப்பேன். "சரி" என்று சொல்லிவிட்டுப் போகிற மனுஷனை என்ன செய்வது?

அதற்குப் பிறகு தைத்த எதையும் அவர் தொடவில்லை. அதற்குப் பதிலாக எங்கள் குடியிருப்பு லிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டார். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை, கீழிருந்து மேல் வரை ஒவ்வொரு மாடியிலும் நிறுத்தி நிறுத்திப் போய்வருவார். பால் வாங்கப் போன பெண்கள் படியேறி வந்தார்கள். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் என்னிடம் வந்து, "சார் நல்ல எண்ணத்துலதான் பண்றாரு, புரியுது. ஆனா ஆறாவது மாடிக்காரங்களுக்கும் முட்டின்னு ஒண்ணு இருக்கில்ல?" என்றார். எனக்கு என் கணவர்மேல் பரிதாபம் வந்தது என்றால் அது பொய். எரிச்சல்தான் வந்தது.

பக்கத்துத் தெருவில் இருக்கும் என் நாத்தனார் அவரைவிட எட்டு வயது சின்னவள், வாய் மட்டும் பெரியது. "அண்ணி, அண்ணன் இளைச்சுப் போச்சு," என்றாள்.

"நல்லாத்தானே சாப்பிடறாரு."

"சாப்பாட்டுல இல்ல. மனசுல இளைச்சிருக்கு."

"மனசுல இளைச்சது உனக்கெப்படித் தெரிஞ்சுது?"

"நேத்து எங்க வீட்டுக்கு வந்துச்சு. நீங்க தைச்சுக் குடுத்த பழைய போர்வை இருக்கில்ல? அதை எடுத்து, தையலெல்லாம் தடவிப் பாத்துட்டு, 'இன்னும் தாங்கும்'னு சொல்லிட்டுப் போச்சு. நான் கேக்கவே இல்ல."

அவளை வழக்கம்போல விரட்டிவிட்டேன். ஆனால் அன்றைக்குத் தையல் ஓடவில்லை. உண்மை என்னவென்றால், எனக்கும் ஒரு குறை இருந்தது. சுவருக்குப் போன எதையும் முடிந்துவிட்டது என்று என்னால் நம்ப முடியவில்லை. "முடிஞ்சுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்று சால்வைக்காரியைக் கேட்டால், "உங்களுக்கே தெரியும்" என்பாள். எனக்குத் தெரியாது. எனக்கு எப்போதும் இன்னொருவர்தானே சொல்லியிருக்கிறார். ஒவ்வொன்றையும் வேனில் ஏற்றிவிட்டு, அன்று முழுக்க அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டதைப் போலத் தவித்தேன். வீம்புக்கு வாயைத் திறக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெரிய கண்காட்சி ஒன்று வந்தது. தேர்வுக்குழு, அழைப்பிதழ் எல்லாம் உண்டு. நான் அதற்கென்று ஒன்றை ஆரம்பித்திருந்தேன்: துணியே இல்லாத போர்வை. மெஷின் எம்பிராய்டரிக்காரர்கள் பயன்படுத்துகிற ஒரு தாள் இருக்கிறது. பார்த்தால் பாலிதீன் மாதிரி இருக்கும். அதன்மேல் தைத்துவிட்டுத் தண்ணீரில் போட்டால் தாள் கரைந்துவிடும், தையல் மட்டும் நிற்கும். ஆனால் ஒவ்வொரு தையலும் பக்கத்துத் தையலைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒன்று கையை விட்டால் மொத்தமும் நூல்கண்டாகிவிடும். இருவர் படுக்கும் போர்வை அளவுக்குத் தாளை ஒட்டி, வெள்ளை நூலில், என் பழைய போர்வைகளின் ஓடுதையலையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகத் தைத்தேன். மாதக்கணக்கில் தைத்தேன். பாதியில் ஒரு படம் எடுத்து அனுப்பினோம். தேர்வுக்குழு பெரிய கூடத்தில் நடுச்சுவரை எனக்கென்று ஒதுக்கியது.

வேன் வருவதற்கு முந்தின நாள்தான் கரைப்பதற்கு வைத்திருந்தேன். நாத்தனார் வீட்டில் போர்வை துவைக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி உண்டு. காலையில் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். முன்னறையில் மெத்தையின்மேல் அதை விரித்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

காலையில் எழுந்து வந்தால் அவர் அதற்குள் படுத்திருக்கிறார்.

கழுத்துவரை போர்த்தியிருந்தார். கண் திறந்திருந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கத்தாத," என்றார். "நான் அசையாமத்தான் இருக்கேன்."

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஒட்டிக்கிச்சு."

கிட்டப் போய்ப் பார்த்தேன். ராத்திரி புழுக்கம். மின்விசிறியைப் போட்டால் தாள் பறக்குமே என்று அதை நிறுத்திவிட்டுப் படுத்திருக்கிறார். வேர்த்திருக்கிறது. வேர்வையில் தாள் இளகியிருக்கிறது. விடியற்காலையில் ஜன்னல் வழியே காற்று வந்ததும் வேர்வை காய்ந்தது, தாளும் காய்ந்தது, அவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு காய்ந்தது. பனியன் முன்பக்கம் முழுக்கப் பசை போட்டு ஒட்டியது போலிருந்தது. இரண்டு கையிலும் மயிரோடு ஒட்டியிருந்தது.

"தண்ணியில கரையும்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்ன. வேர்வையும் தண்ணிதான்னு எனக்குத் தோணல."

"ஏன் படுத்தீங்க? உங்களை யாரு படுக்கச் சொன்னது?"

 கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அவ்வளவு பெருசு பண்ணியிருக்க," என்றார். "யாரும் உள்ள போய்ப் பாக்காம எப்படி அனுப்பறது?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அப்படியே இழுத்திருப்பேன். இழுத்தால் கிழியும் என்ற ஒரே காரணத்தால்தான் இழுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து நாத்தனார் தொட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உள்ளே வந்தாள். தொட்டியை இறக்கினாள். அண்ணனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"பேச்சுவார்த்தை நடக்குதா?" என்றாள்.

"உங்க அண்ணன் ஒட்டிக்கிட்டாரு."

"தண்ணி ஊத்தினா வந்துடுமே."

"ஊத்தினா வந்துடும். நடுவுல ஒரு ஆள் அளவுக்கு ஓட்டையும் வந்துடும். தொட்டியில மொத்தமா நனைச்சாத்தான் தையல் நேரா நிக்கும். இவரைத் தூக்கித் தொட்டியில போடறியா?"

நாத்தனார் தொட்டியையும் அண்ணனையும் கண்ணால் அளந்து பார்த்தாள். "கால் வெளிய நிக்கும்," என்றாள்.

"எனக்குப் பாத்ரூம் போகணும்," என்றார் அவர். "விடியறதுக்கு முன்னாலேர்ந்தே போகணும்."

"கூப்பிட வேண்டியதுதானே!"

"கூப்பிட்டா நெஞ்சு ஏறி இறங்கும். தையல் இழுக்கும்."

அதைக் கேட்டதும் என் கோபத்தின் பாதி எங்கே போனதென்று தெரியவில்லை. கட்டிலோரம் மண்டியிட்டு உட்கார்ந்தேன். விரல் நுனியை எச்சிலில் தொட்டு, கையில் ஒட்டியிருந்த இடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தேன். மணிக்கட்டு, முழங்கை, மேல்கை. ஒவ்வொரு மயிராக வந்தது. அவர் முகத்தைச் சுளிக்கவில்லை. வெயில் பட்ட இடத்துக்கும் பனியன் மூடிய இடத்துக்கும் நடுவே அவர் தோளில் ஒரு கோடு இருக்கிறது. எத்தனையோ வருஷமாக இருக்கிறதாம். நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கை வந்துவிட்டது. பனியன் வரவில்லை.

"பனியனை வெட்டிடு," என்றார்.

கத்தரிக்கோலை எடுத்தேன். என் துணிக் கத்தரிக்கோல். அதில் துணியைத் தவிர எதையும் வெட்டக் கூடாது. ஒரு முறை அதில் பால் பாக்கெட்டை வெட்டியதற்காக அவரோடு ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறேன். அதைப் பார்த்ததும் அவர் கண் பெரிதானது.

"அதுலயா?"

"பனியன் துணிதானே? பேசாம இருங்க."

இரண்டு பக்கத் தையலோரமாகவும் வெட்டினேன். இரண்டு தோள்பட்டையிலும் வெட்டினேன். முன்பக்கம் போர்வையோடு தங்கியது. பின்பக்கம் அவர் முதுகில் தங்கியது. அவர் மெதுவாக, ஒரு நூல்கூட இழுபடாமல், அடியிலிருந்து பாம்பு மாதிரி நழுவி வெளியே வந்தார். வந்ததும் பாத்ரூமுக்கு ஓடினார். அந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

நான் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெள்ளைத் தையல்களுக்கு நடுவே, இடது பக்கம், பனியன் ஒன்று அப்பிக் கிடந்தது. ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தால் வரும். மதியத்துக்குள் எடுத்துவிட்டுத் தொட்டியில் போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அப்போது பாத்ரூம் கதவுக்கு உள்ளிருந்து குரல் வந்தது.

"இடது தோள்பட்டைகிட்ட ஒரு முடிச்சு இருக்கு."

நான் ஈரத்துணியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"கேக்குதா? சின்ன முடிச்சுதான். மத்தபடி அனுப்பலாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாத்தனார் முன்னால் அழக் கூடாது என்று வைத்திருந்தேன். அதையும் மீறி வந்தது. இத்தனை மாதமாக சால்வைக்காரியும் தேர்வுக்குழுவும் எவ்வளவோ சொன்னார்கள். நான் கேட்கக் காத்திருந்தது இந்த ஒரு சொல்லைத்தான். அதை அந்த மனுஷன் கதவுக்குப் பின்னாலிருந்து, முதுகில் பாதிப் பனியனோடு சொல்கிறார்.

இடது தோள்பட்டைப் பக்கம் தடவிப் பார்த்தேன். முடிச்சு இருந்தது.

ஊசியில் நூல் கோத்தேன். பனியனின் ஓரத்தை மடித்து, சுற்றியுள்ள தையல்களோடு பிடித்துப் பிடித்துத் தைக்க ஆரம்பித்தேன்.

"அண்ணி," என்றாள் நாத்தனார் தயங்கித் தயங்கி. "அது பனியன்."

"தெரியுது."

"துவைக்காத பனியன்."

"இப்பத் துவைக்கத்தானே போறோம்."

மதியம் மூன்று பேருமாகத் தூக்கித் தொட்டியில் இறக்கினோம். தாள் வழவழவென்று கரைந்தது. தண்ணீர் கஞ்சி மாதிரி ஆனது.  தையல் நின்றது. ஒன்றுகூடக் கையை விடவில்லை. மொட்டை மாடியில் கொடியில் போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், தூரத்திலிருந்து நூல் தெரியவே இல்லை. ஒரு பனியன் காய்வது மட்டும்தான் தெரிந்தது. கிட்டே வரவர, அதைச் சுற்றி ஒரு முழுப் போர்வை இருந்தது.

மறுநாள் வேனோடு சால்வைக்காரியும் வந்தாள். கிட்டே போயும் தள்ளி நின்றும் பார்த்தாள்.

"இது என்ன?"

"பனியன்."

"இல்ல... இதோட அர்த்தம்?"

"இவரு போட்டிருந்தது."

சால்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். "எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா தேர்வுக்குழு பார்த்த படத்துல இது இல்லியே. அவங்க ஒத்துக்க மாட்டாங்க. சுத்த வெள்ளையா, நூல் மட்டும்தான்னு அழைப்பிதழ்லயே போட்டாச்சு. எடுத்துட முடியுமா?"

அவர் உள்ளறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். "எடுத்துடு," என்றார் என்னிடம். "நடுச்சுவர் குடுத்திருக்காங்க. ஒரு பனியனுக்காகப் போய்..."

"நீங்க சும்மா இருங்க," என்றேன். பிறகு சால்வைக்காரியிடம் திரும்பி, "எடுக்க முடியாது. தைச்சாச்சு" என்றேன்.

"அப்ப பெரிய கூடத்துல வைக்க முடியாதுங்க."

"எங்க வைக்க முடியும்?"

அவள் தொலைபேசியில் யார் யாரிடமோ பேசினாள். கடைசியில் தாழ்வாரத்தில் ஒரு சுவர் இருக்கிறது என்றாள். லிஃப்ட்டுக்குப் பக்கத்தில். சொல்லும்போதே அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

"சரி," என்றேன். "சுவத்துல பேர் போட்டு ஒரு அட்டை வைப்பீங்கல்ல, அதுல என்னென்ன வரும்?"

"உங்க பேர், தலைப்பு, என்ன பொருள்ல செஞ்சது, அளவு."

"பொருள்ங்கற இடத்துல நூல், பனியன்னு போடுங்க. அடியில இன்னொரு வரி வேணும்." சொன்னேன். அப்படி ஒரு வரி வழக்கத்தில் இல்லை என்றாள். வழக்கத்தில் இல்லாவிட்டால் இனிமேல் வரட்டும் என்றேன். தாழ்வாரத்துக்கு ஒத்துக்கொண்டவளிடம் அதற்குமேல் சண்டை போட அவளுக்கும் மனசு வரவில்லை.

கண்காட்சி திறந்த அன்று மூவரும் போனோம். அவர் சலவைச் சட்டை போட்டிருந்தார். லிஃப்ட்டில் ஏறியதுமே தலையைச் சாய்த்து எதையோ கேட்டார். "ரெண்டாவது மாடியில தடுமாறுது," என்றார். கதவு திறந்தது. எதிரே என் போர்வை.

அந்த லிஃப்ட் படுமெதுவாக வரும் லிஃப்ட். அதனால் கூடத்துக்குப் போகிறவர்களும் திரும்புகிறவர்களும் அங்கே நின்றுதான் ஆக வேண்டும். நிற்கிறவர்களுக்குப் பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை. ஒரு கிழவர் பனியனை வெகுநேரம் பார்த்துவிட்டுத் தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். லிஃப்ட் வந்ததும் விட்டுவிட்டார்.

"துவைச்சும் வேர்வைக் கறை போகலியே," என்றாள் நாத்தனார். "எங்க அண்ணனுக்கு ஒரு நல்ல பனியன்கூட விட்டு வைக்கல நீங்க."

அவர் கிட்டே போனார். கை தன்னால் இடது தோள்பட்டைப் பக்கம் போனது. காவலாளி எழுந்து வந்தான்.

"தொடாதீங்க சார்."

"அது என் பனியன்."

காவலாளி பனியனைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். பிறகு சுவரிலிருந்த அட்டையைப் படித்தான். "நீங்கதானா அது?" என்றான் மரியாதையாக. "இருந்தாலும் தொடாதீங்க சார்."

அப்போதுதான் அவர் அட்டையைக் கவனித்தார். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். என் பேர், தலைப்பு, நூல், பனியன், அளவு. அதற்கடியில், தூங்கிப் பார்த்து அனுப்பலாம் என்றவர் என்று போட்டு, அவருடைய முழுப் பேர். ஒரு காலத்தில் இந்த ஊர் லிஃப்ட்களில் எல்லாம் சோதனைச் சான்றிதழில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த பேர் அது. இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது முறையும் படித்தார்.

"முடிச்சு அப்படியே இருக்கு," என்றார்.

"இருக்கும்."

"எடுத்திருக்கலாம்ல?"

"எடுத்துட்டா, நீங்க உள்ள போய்ப் பாத்ததுக்கு என்ன சாட்சி?"

 லிஃப்ட் வந்தது, கதவு திறந்தது, மூடியது. நாங்கள் ஏறவில்லை. அடுத்த முறை வந்தபோதும் ஏறவில்லை. நாத்தனார்தான் கால் வலிக்கிறது என்று முணுமுணுத்தாள்.

மறுநாள் காலை டீ குடித்துவிட்டுக் கடைக்குப் போனார். குடியிருப்பு லிஃப்ட்டில் நேராகக் கீழே இறங்கினார். எந்த மாடியிலும் நிறுத்தவில்லை என்று ஆறாவது மாடிக்காரி வந்து சொன்னாள். திரும்பி வந்து பையை என் மேஜையில் வைத்தார். உள்ளே புதுப் பனியன்கள். ஒன்றில்லை, இரண்டில்லை, ஒரு டஜன்.

"எதுக்குங்க இத்தனை?" என்றேன்.

"நீ ஒண்ணோட நிறுத்தவா போற?" என்று கேட்டுவிட்டு, விலைச்சீட்டுகளை வெட்டுவதற்காக என் கத்தரிக்கோலை எடுக்கப் போனார். கையில் ஒரு அடி வைத்தேன்.